நாய் கீழே பார்க்கும் வரை

மலை உச்சியிலிருந்து ஒரு நாய் விழுந்தால் எனக்குச் சிரிப்பு வராது. என் வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் வரும். என் புருஷன் எட்மண்டுக்கும் எங்கள் மகள் ஆஷ்லிக்கும் அந்த நாய் விழ விழத்தான் தொண்டையில் சோறே இறங்கும். ஒரு கை தட்டில், இரண்டு கண்ணும் போனில். அது ஒரு பழைய பொம்மைப் படம். எட்மண்டின் அப்பா பிறப்பதற்கும் முன்னால் எந்த நாட்டிலோ எவரோ உட்கார்ந்து வரைந்தது. ஒரு நாய், ஒரு காக்காய், அவ்வளவுதான் கதை. நாய் துரத்தும், காக்காய் ஏமாற்றும், நாய்க்கு அடி விழும், படம் முடிந்துவிடும். பேச்சே கிடையாது, வெறும் மேளமும் பீப்பியும்தான். அதனாலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஐந்து வயதுப் பிள்ளையும், மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டராக இருக்கிற முப்பத்தெட்டு வயது ஆளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சிரிப்பார்கள்.

என் வேலை அப்படி. அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுக்கிறேன். சாரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் சறுக்கியவர், மெஷினுக்குள் கையை விட்டவர் என்று தொழிற்பேட்டை முழுக்க என் மேஜைமேல் வந்துதான் படுக்கும். எலும்பு உடைந்தவர் யாரும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு ஓடியதை நான் பார்த்ததில்லை. அந்தப் படத்திலோ நாயின் விரல்களைக் காக்காய் ஜன்னல் கதவில் வைத்து நசுக்கும். விரல்கள் அப்பளமாகிவிடும். நாய் கட்டைவிரலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினால் விரல்கள் டப் டப்பென்று ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். சொல்லுங்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்டால் எட்மண்ட், அதற்குத்தான் வலிக்காதே, அதனால்தான் சிரிப்பு வருகிறது என்பார். பிள்ளைக்கு வலிக்காது என்று தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆஷ்லிக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? காக்காயைத் துரத்திக்கொண்டு நாய் மலையைத் தாண்டி வெறும் காற்றில் ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும், விழாது. கீழே குனிந்து பார்த்த பிறகுதான் விழும். பார்க்காதவரைக்கும் விழாது என்பது அந்த ஊர்ச் சட்டம்.

படம் பார்த்தால் மட்டும் போதுமா? தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் எட்மண்ட்தான் நாய், ஆஷ்லிதான் காக்காய். என் கறுப்புத் துப்பட்டாவைத் தோளில் கட்டிக்கொள்வாள், அதுதான் சிறகு. அவர் ஓரடி எடுத்து வைத்தால் இவள் ஓரடி பின்னால் போவாள். அவர் உறுமினால் கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டு ஓடுவாள். அடியே வாடி இங்கே, காலை உடைத்துவிடுவேன் என்று கத்துவதும் விளையாட்டில் சேர்த்திதான். பெற்ற பிள்ளையை நிஜமாக ஒரு நாள்கூட அதட்டாத மனுஷன். அவர் குரலில் எது கோபம், எது நாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீடு முகப்பேரில், பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கில், மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, ஜன்னல் விளிம்புக்குச் சற்றே கீழாக, சுவரோடு சுவராக ஒரு சிலாப் நீண்டு போகும். பூந்தொட்டி வைக்கக் கட்டியது. அகலம் ஒரு ஆள் ஒட்டி நிற்கிற அளவுதான், கைப்பிடிச் சுவர் கிடையாது. போன வருஷம் ஏசி மாட்டியபோது அதன் வெளிப்பெட்டியை அந்த சிலாப்பின்மேல் வைத்தார்கள். மெக்கானிக் வந்து போக வேண்டுமே என்று ஜன்னல் கிரில்லில் ஒரு பகுதியை அறுத்து, இரும்பில் சின்னக் கதவு போட்டு, உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார்கள். உள்ளே ஒரு தாழ்ப்பாள். பூட்டும் போடச் சொன்னேன். போடலாம் போடலாம் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது.

டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வேண்டும். எங்கள் பிளாக்கில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஆனால் யார் வீட்டு ஸ்டார் மெயின் ரோட்டிலிருந்தே தெரிகிறது என்பதில் எல்லாருக்கும் ஒரு ரோஷம் உண்டு. கேரல் பாடுகிறவர்கள் வரும்போது ஸ்டார் இல்லாத வீடு மொட்டையாக இருக்கும். போன வருஷம் அந்தக் கதவு வந்ததும் எட்மண்ட் சிலாப்பின் இடது மூலையில், கட்டடத்தின் முனையிலேயே ஒரு கொக்கி அடித்திருந்தார். கம்பியைக் கட்டும்போது ஒருவர் கீழே தெருவில் நின்று இடது, வலது, கொஞ்சம் மேலே என்று சொல்ல வேண்டும். கோணலாகத் தொங்கினால் பார்க்கிறவர் சிரிப்பார்கள் அல்லவா? அந்த வேலை எப்போதும் என்னுடையது.

முதல் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து, பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது நாலு மணி வெயில் மஞ்சளாக இருந்தது. முந்தின நாள்வரை மழை. சிலாப் ஈரமாக இருக்கும், நாளைக்குக் கட்டலாம் என்று சொன்னேன். முதல் மாடி ரூபஸ் வீட்டில் நேற்றே கட்டிவிட்டார்கள் என்றார் எட்மண்ட். இதற்கு மேல் பேசிப் பயனில்லை. ஆஷ்லியை ஹாலில் பாயில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு இறங்கினேன். எங்கள் வாசல் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சாவி பிரிட்ஜ்மேல் இருந்தது. இறங்கும்போது அது என் நினைவிலேயே இல்லை.

கீழே வேம்பு நிழலில் இஸ்திரி வண்டிக்காரர் வேம்புலி இருந்தார். இந்த வருஷ ஸ்டார் பெரிசா கீதே என்று ஒரு பாராட்டு. மேலே எட்மண்ட் கிரில் கதவு வழியாக வெளியே வந்து, சுவரில் முதுகைத் தேய்த்தபடி ஏசி பெட்டியைத் தாண்டி மூலைக்குப் போனார். கம்பியைச் சுற்றினார். கொஞ்சம் இடது பக்கம் என்று கை காட்டினேன். அவர் இழுத்துக் கட்டினார். இன்னும் கொஞ்சம் என்று கையைத் தூக்கினேன், தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

கிரில் கதவின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் வெளியே வந்தது. பிறகு இன்னொரு கால். பிறகு கறுப்புத் துப்பட்டா. ஜன்னலை ஒட்டித்தான் எங்கள் கட்டில். அதில் ஏறி, விளிம்பில் மிதித்து, சிலாப்பில் இறங்கி நின்றுவிட்டாள் என் பிள்ளை. நிற்பது மூன்றாவது மாடியில். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் எதையும் பிடிக்கவுமில்லை, சிறகுக்காக இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள்.

எட்மண்டும் பார்த்துவிட்டார். ஏசி பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஜன்னலடியில் அவள். அவர் பெட்டியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். அவள் சிரித்துக்கொண்டே ஓரடி பின்னால் போனாள், ஜன்னலைத் தாண்டி வலது பக்கம். அந்தப் பக்கம் சிலாப் கொஞ்ச தூரம் போய் வெட்டினாற்போல முடிந்துவிடும். எட்மண்ட் இன்னொரு முறை அசைந்தார். அவள் இன்னும் ஓரடி போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் வந்தால் காக்காய் ஓடும். தினமும் இதைத்தானே பழக்கியிருக்கிறோம்? அவளைக் காப்பாற்ற அவர் எவ்வளவு கிட்டே போகிறாரோ அவ்வளவு தூரம் அவள் விளிம்புக்குப் போவாள். அதட்டினாலும் விளையாட்டு, கெஞ்சினாலும் விளையாட்டு.

வேம்புலி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கத்த வாயைத் திறந்தார். நான் பாய்ந்துபோய் அவர் வாயைக் கையால் பொத்தினேன். அந்நிய ஆம்பளை வாயைப் பொத்துகிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை. கத்தினால் அவள் கீழே பார்ப்பாள். கீழே பார்த்தால் விழுவாள். தினமும் உடைந்த எலும்பைப் படம் பிடிக்கிறவள் நான், விழுகிறவர்கள் எங்கே பார்த்தாலும் விழுவார்கள் என்று தெரிந்தவள். ஆனாலும் அந்த நிமிஷம் நான் அந்த நாயின் சட்டத்தைத்தான் நம்பினேன். கீழே பார்க்காதடி, கீழே பார்க்காதடி, மாதாவே அவளைக் கீழே பார்க்கவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வேம்புலிக்குப் புரிந்துவிட்டது. இஸ்திரிக்கு வந்த துணி மூட்டையிலிருந்து ஒரு பெரிய பெட்ஷீட்டை உருவினார். யார் வீட்டுடையதோ. தெருவில் போன இரண்டு பேரைச் சைகையால் கூப்பிட்டு ஆளுக்கொரு முனை கொடுத்தார். நாலாவது முனைக்கு டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். சத்தமே இல்லை. அவர்கள் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் வந்தது. இதுவும் அந்தப் படத்தில் வரும். நாய் விழும்போது பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் நகர்வார்கள், நாய் அந்தப் பக்கம் விழும்.

அதற்குள் எட்மண்ட் வேறு ஏதோ செய்தார். நெருங்குவதை விட்டுவிட்டு, பின்னால் போனார். ஏசி பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தலையை மறைத்துக்கொண்டார். நாய் ஊளையிடுகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தார். ஆஷ்லி பின்வாங்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் கீழே நிற்க முடியவில்லை. மாடிப்படியில் ஓடினேன்.

வாசல் கதவு பூட்டியிருந்தது. பூட்டாமல் என்ன செய்யும், இழுத்துச் சாத்தியவள் நான்தானே? எதிர் வீட்டில் திவ்யா குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். தட்டினால்? சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டால்? ஓங்கிய கையைக் கதவின்மேல் மெல்ல வைத்து, காதையும் வைத்தேன். உள்ளே ஹாலில் போன் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, மேளமும் பீப்பியும். நாய்க்கு எங்கேயோ அடி விழுந்துகொண்டிருந்தது. அந்த இசையைத் தாண்டி படுக்கையறை ஜன்னலிலிருந்து எட்மண்டின் குரல் வந்தது. நாயின் குரல்.

"ஐயோ காக்கா, நாய்க்கு பயமா கீது. நீ மட்டும் ஊட்டுக்குள்ள பூந்துட்டீன்னா நான் காலி. வாணாம், உள்ள போவாதே."

ஆஷ்லியின் சத்தமே இல்லை. இசை மட்டும். அவள் எந்தப் பக்கம் காலை வைத்திருக்கிறாள்? எதுவும் தெரியவில்லை. கண்ணால் பார்த்த பயம் வேறு, காதால் மட்டும் கேட்கிற பயம் வேறு. ஏன் மேலே ஓடி வந்தோம், கீழேயே நின்றிருக்கலாமே, அந்த பெட்ஷீட்டில் ஒரு முனையையாவது பிடித்திருக்கலாமே என்று அழுகை வந்தது. அழுதால் சத்தம் கேட்கும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

பிறகு கட்டில் கிறீச்சென்றது. எங்கள் கட்டிலின் சத்தம் எனக்குத் தெரியாதா? யாரோ அதன்மேல் குதித்தார்கள். உள்ளே வந்துவிட்டாளா, இல்லை திரும்பவும் ஏறுகிறாளா? எட்மண்டின் குரல் மறுபடி வந்தது, இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

"ஏய் காக்கா, என் கைய இங்க கதவாண்ட வெச்சிகினு கீறேன். தயவுசெஞ்சி யாரும் கதவ சாத்திடாதீங்கப்பா."

இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு அலறல். நான் அவரோடு பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். அவருடைய நாய் அலறல் தெரியும். இது அது இல்லை. இது என் மேஜைமேல் படுக்கிறவர்கள் கையைத் திருப்பும்போது போடுகிற அலறல். பாதி வழியில் அதை அவர் பிடித்து, இழுத்து, நாயாக்கினார். ஊ ஊ என்று முடித்தார். ஆஷ்லி சிரித்தாள். என் பிள்ளை இத்தனை சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அவர் விழுந்துவிட்டாரா, கத்தியது விழும்போதா என்று புரியாமல் கதவோடு ஒட்டி நின்றேன். அப்போது அவள் சொன்னது கேட்டது.

"அப்பா, இன்னொரு வாட்டி."

பின்னால் எட்மண்ட் சொல்லித்தான் தெரிந்தது. மோதிய வேகத்தில் கதவு திரும்பத் திறந்துகொண்டது. அவள் கட்டிலிலிருந்து மறுபடி விளிம்பில் கால் வைக்கப் பார்த்தாள். அவருடைய இடது கை ஏசி பெட்டியின் ஸ்டாண்டைப் பிடித்திருந்தது, விட்டால் அவரே போய்விடுவார். அதனால் அதே வலது கையை, அதே இடத்தில், திரும்ப வைத்தார். எனக்குக் கேட்டதெல்லாம் இரண்டாவது மோதல், இரண்டாவது அலறல், இரண்டாவது சிரிப்பு. அப்புறம் அவர் குரல் வந்தது. நாயின் குரல்தான், ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"தாப்பா மட்டும் போட்டுடாத. போட்டீன்னா நான் வாசக் கதவு வழியா வந்துருவேன். ஓடு, போய் தெறந்து பாரு, நான் அங்க நிப்பேன்."

படத்தில் வருகிறதுதான். காக்காய் எந்தக் கதவைத் திறந்தாலும் அங்கே நாய் நிற்கும். ஜன்னலில் விட்டுவிட்டு வந்த நாய் அலமாரிக்குள் நிற்கும், பிரிட்ஜுக்குள் நிற்கும். தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. சின்னக் கால்கள் தரையில் தபதபவென்று ஓடி வந்தன. என் முகத்துக்கு நேரே பூட்டு திரும்பியது, கதவு திறந்தது. சிரித்துச் சிரித்துச் சிவந்த முகத்தோடு ஆஷ்லி நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"நீ நாய் இல்லியே," என்றாள்.

நான் அவளை அள்ளியதில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். விடும்மா, விடும்மா என்று திமிறினாள். விடவில்லை. இடுப்பில் அவளை இறுக்கிக்கொண்டே படுக்கையறைக்கு ஓடினேன். கிரில்லுக்கு வெளியே எட்மண்டின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வலது கையை மார்போடு அணைத்து வைத்திருந்தார், சட்டையெல்லாம் ரத்தம். ஆஷ்லியைத் திரும்ப ஹாலில் கொண்டுபோய் விட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் திறந்து அவரை உள்ளே இழுத்தேன். கட்டிலில் வந்து விழுந்தவர் முதலில் சொன்னது, தாழ்ப்பாளைப் போடு என்பதுதான். போட்டேன். திட்ட வேண்டும் என்று படி ஏறும்போதே சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.

துணியைச் சுற்றி, ஆட்டோ பிடிக்க மூன்று பேருமாக இறங்கினோம். கீழே அந்த நாலு பேரும் பெட்ஷீட்டைப் பிடித்தபடியே காலி சிலாப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை அல்லவா? வேம்புலி எங்களைப் பார்த்து, ஆஷ்லியைப் பார்த்து, மறுபடி மேலே பார்த்தார். "புட்ச்சிகினேதான் கீறோம்கா, உட்டுடலாமா?" என்று கேட்டார். விட்டுவிடுங்கள் என்று தலையாட்டிவிட்டு அவருடைய வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோவில் வழி முழுக்க ஆஷ்லி டிரைவரிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். நான்தான் அப்பா கையை நசுக்கினேன், இரண்டு தரம். பெருமையென்றால் அப்படியொரு பெருமை. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

என் மெஷினில் என் புருஷன் கையை நானே வைத்தேன். அசையாமல் இருங்கள் என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அவரிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன், முதல் படம் கலங்கிப் போய்விட்டது. இரண்டு விரல் உடைந்திருந்தது. ஒன்று சேர்ந்துவிடும், இன்னொன்று பழைய மாதிரி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஃபிட்டருக்கு விரல் எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரியும், அதனால் நிதானமாகத்தான் சொன்னார். பட்டை வைத்து, பஞ்சு வைத்துப் பெரிதாகக் கட்டுப் போட்டார்கள். கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆஷ்லி இதற்காகத்தான் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சில் ஏறி, அவருடைய கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து, வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினாள். பிறகு கட்டுத் துணியைப் பார்த்தாள். விரல்கள் எழும்பவில்லை. இன்னும் ஒரு தரம் முகம் சிவக்க ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், கட்டுத் துணியில் கசிந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு பிதுங்கியது. சிலாப்பில் நின்றபோது வராத பயம் அவளுக்கு இப்போது வந்தது.

"அப்பா, நெஜமா வலிக்குதா?"

எட்மண்ட் என்னைப் பார்த்தார். இல்லடி, நாய்க்கு வலிக்காது என்று சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். சொல்லக்கூடாது என்றும் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லித் தொலைத்தால் என்ன என்றும் இருந்தது. பிறகு நாயும் இல்லாத, கோமாளியும் இல்லாத, அவருடைய சொந்தக் குரலில், "ஆமாண்டா தங்கம், ரொம்ப வலிக்குது," என்றார். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

அவள் அழுதாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் குனிந்து ஊதினாள். இந்த முறை கட்டைவிரலில் இல்லை, கட்டின்மேல், மெதுவாக, சூட்டுக்காயத்துக்கு ஊதுகிற மாதிரி. விரல் எழும்ப வேண்டும் என்று ஊதவில்லை. வலி போக வேண்டும் என்று ஊதினாள்.

கிரில் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி என் கழுத்துச் செயினில் மாதா சுரூபத்தோடு தொங்குகிறது. ஸ்டார் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தபடிதான் எரிகிறது. அதை நேராக்க யாரும் போகப் போவதில்லை, பொங்கல் கழிந்து எப்படி இறக்கப் போகிறோம் என்பதை நான் நினைப்பதே இல்லை. நாய் காக்காய் விளையாட்டும் நின்றுவிட்டது. ஆஷ்லி ஜன்னல் பக்கமே போவதில்லை. சாயங்காலம் எட்மண்ட் தன்னை அறியாமல் உறுமினாலும் அவள் ஓடுவதில்லை, போய் அவர் காலைக் கட்டிக்கொள்கிறாள்.

நேற்று கேரல்காரர்கள் பாடிவிட்டுப் போன பிறகு, எட்மண்ட் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். நான்தான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து அந்தப் படத்தைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். வீடு பத்து நாளாக எழவு வீடு போல இருந்தது. மேளம் தொடங்கியது. காக்காய் பறந்தது. நாய் மலையைத் தாண்டி ஓடியது, காற்றில் நின்றது.

ஆஷ்லி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எட்மண்ட் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "கீழ பாக்காத, கீழ பாக்காத," என்று ஆஷ்லி போனிடம் கெஞ்சினாள். அந்த முட்டாள் நாய் எங்களைப் பார்த்தது, பிறகு மெதுவாகக் குனிந்து கீழே பார்த்தது. விழுந்தது. தரையில் ஒரு புழுதி எழுந்தது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. புழுதி அடங்கியதும் நாய் தட்டையாகக் கிடந்தது, பிறகு ஒரு காது எழுந்தது, இன்னொரு காது, பிறகு நாய் முழுசாக எழுந்து உடம்பை உதறிக்கொண்டு காக்காயைத் தேடி ஓடியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நிறுத்த முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கண்ணைத் திறந்து பயத்தோடு என்னையே பார்த்தார்கள்.

"எழுந்துடுச்சு பாருங்க," என்றேன். "அது எழுந்துடுச்சு."